காலையில் முதல் ஸ்டார்ட்டில் கார் தடுமாறுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராத்திரி முழுக்க நின்ற கார், காலையில் இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகிறது. ஆனதும் உதறுகிறது. இரண்டு நிமிடம் போனால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடாகிவிடும். மெக்கானிக் சாவியைத் திருப்பியதும் பட்டென்று பிடிக்கும். “நல்லாத்தானே சார் இருக்கு” என்பார். பிறகு ஆளாளுக்கு ஒரு யூகம், யூகத்துக்கு ஒரு பார்ட்ஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு பில்.

இந்தக் கோளாறுக்கான தடயம் காலையின் முதல் ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் வண்டிப் பக்கத்தில் இருப்பவர் நீங்கள் மட்டும்தான். அதனால் இங்குள்ள பதில்களில் பெரும்பகுதி, எதை மாற்றுவது என்பதைவிட எதைக் கவனிப்பது என்பதைப் பற்றியது.

“ஸ்டார்ட்டிங் ட்ரபிள்” என்று பொதுவாகச் சொன்னால் போதாதா?

போதாது. வெளியிலிருந்து ஒன்றுபோலத் தெரியும் நான்கு வேறு வேறு நோய்கள் இதில் உண்டு. செல்ஃப் மோட்டாரே சோம்பலாகச் சுற்றினால் அது பேட்டரி, எர்த் (பேட்டரி மைனஸை இன்ஜினோடும் பாடியோடும் இணைக்கும் ஒயர்), செல்ஃப் வகை. செல்ஃப் வேகமாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்க ஐந்தாறு நொடி ஆனால் எரிபொருள் அழுத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும். சட்டென்று பிடித்து உடனே அணைந்தால் பெரும்பாலும் காற்று வரும் வழியில் பிரச்சினை. பிடித்த பிறகு அணையாமல், ஆனால் ஒரு சிலிண்டர் வேலை செய்யாதது போல உதறினால் அதைத்தான் மெக்கானிக்குகள் “மிஸ்ஸிங்” என்கிறார்கள். அதற்குப் பிளக், பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயில், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர், சில சமயம் இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் வரை போக வேண்டியிருக்கும்.

உங்கள் வண்டி இந்த நான்கில் எது என்று முடிவானாலே பாதி வேலை முடிந்தது.

சூடான பிறகு நன்றாக ஓடுகிறதே, காலையில் மட்டும் ஏன்?

குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் முழுதாக ஆவியாவதில்லை. ஒரு பகுதி, காற்று உள்ளே போகும் குளிர்ந்த இன்டேக் குழாயின் சுவரிலும் வால்வின் முதுகிலும் ஈரமாகப் படிந்துவிடும். அதை ஈடுகட்ட, இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியூ கூடுதல் பெட்ரோல் விடுகிறது. எவ்வளவு கூடுதல் என்பதைக் கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார் சொல்லும் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறது. சைலன்சர் பக்கம் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். அது விழிக்கும்வரை கலவை சரியா தவறா என்று இசியூவுக்குத் திருத்திச் சொல்ல ஆளில்லை. சூடான பிறகு சின்னச் சின்னத் தவறுகளை அந்தச் சென்சார் மறைத்துவிடுகிறது. காலையில் அவை எல்லாம் அப்படியே வெளியே தெரிகின்றன.

இதோடு ராத்திரி முழுக்க மெதுவாக நடந்த காரியங்களும் சேரும்: பெட்ரோல் லைனில் அழுத்தம் இறங்கியிருக்கும், ஒரு இன்ஜெக்டர் சொட்டியிருக்கும், கூலண்ட் கசிந்திருக்கும், ஏதோ ஒரு கருவி பேட்டரியை உறிஞ்சியிருக்கும்.

எங்கள் ஊரில் குளிரே கிடையாது. தூத்துக்குடியில் விடியற்காலையிலும் 25 டிகிரி இருக்கிறது. அப்படியுமா?

ஆம். இன்ஜினின் வேலை வெப்பநிலை 90 டிகிரி அளவில். அதற்கு 25 டிகிரியும் குளிர்தான். ஊட்டியில் இந்தக் கோளாறு சீக்கிரம் வெளிப்படும், தூத்துக்குடியில் தாமதமாக வெளிப்படும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்டார்ட் ஆனதும் ஆர்பிஎம் 1,300, 1,500 என்று நிற்கிறது. கோளாறா?

இல்லை. இன்ஜினையும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் சீக்கிரம் சூடாக்க இசியூ வேண்டுமென்றே அப்படி ஓட்டுகிறது. ஓரிரு நிமிடத்தில் 700-850க்கு இறங்கி நிலையாக நின்றால் சரி. முள் மேலும் கீழும் ஊஞ்சலாடினால்தான் கவனிக்க வேண்டும்.

சரி, அந்த முதல் நிமிடத்தில் என்னென்ன பார்ப்பது?

முந்தைய நாள் இரவே வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பானெட்டைத் திறந்து கூலண்ட் டப்பாவின் அளவையும் டிப்ஸ்டிக்கில் ஆயிலையும் பாருங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். ராத்திரி முழுக்க ஆறிய வண்டியில் அது மெத்தென்று இருக்க வேண்டும். கல் மாதிரி இறுகியிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், காரணம் பின்னால் வருகிறது.

பிறகு ஏசி, ஹெட்லைட், பாட்டு எல்லாவற்றையும் அணைத்து, கிளட்சை மிதித்து, சாவியை ஆன் நிலைக்குக் கொண்டு வாருங்கள். பின் சீட் பக்கம் “ஸ்ஸ்” என்று இரண்டு நொடி பெட்ரோல் பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். அது நின்றதும் செல்ஃப் அடியுங்கள், ஆக்ஸிலேட்டரைத் தொடாமல். இதையெல்லாம் போனில் வீடியோ எடுக்கச் சொல்லி வீட்டில் ஒருவரைச் சைலன்சர் பக்கம் நிறுத்துவது மிகவும் உபயோகமானது. புகையின் நிறமும் செல்ஃப் சுற்றும் ஓசையும் அதில் பதிவாகிவிடும். மூடிய ஷெட்டுக்குள் இதைச் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்ஸைடு வாசனையில்லாமல் ஆளைக் கொல்லும்.

ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. பிடிக்கவில்லை என்றால் அரை நிமிடம், ஒரு நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள்.

செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது. பேட்டரிதானா?

நிறையத் தடவை அதுதான். ஆனால் அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். காலையில் கதவைத் திறந்து விளக்குகளை எரியவிடுவதற்கு முன்பே பேட்டரியின் இரண்டு முனைகளில் வையுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழ் என்றால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம்.

இந்த அளவு நன்றாக இருந்தும் பேட்டரி செத்திருக்கலாம். அதனால் செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். 10க்கு மேல் நின்றால் நல்லது. 9.6க்குக் கீழ் விழுந்தால் பேட்டரிக்குள் தெம்பில்லை. ஸ்டார்ட் ஆன பிறகு 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வரவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை, புதுப் பேட்டரி போட்டாலும் ஒரு வாரத்தில் படுத்துவிடும். புதிய கார்கள் சிலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த ஓட்டத்தின் நடுவே சார்ஜ் அளவைத் தாங்களாகவே குறைப்பதுண்டு. அதனால் ஸ்டார்ட் ஆன உடனே அளப்பதுதான் சரி.

பேட்டரியை உள்ளிருந்து அரிப்பது நம் ஊர் வெயில். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓடிய பேட்டரி கோடையில் தளர்ந்து, மார்கழிக் காலையில் கைவிடுவது வழக்கமான கதை.

பேட்டரி புதுசு. அப்படியும் செல்ஃப் இழுக்கிறது.

டெர்மினலைக் கழற்றிப் பாருங்கள். மேலே பளபளவென்று இருக்கும் கிளாம்பின் உள்பக்கம் சாம்பல் நிறத்தில் மங்கியிருக்கும். வெள்ளையோ நீலப்பச்சையோ உப்புப் பூத்திருக்கும். அந்த மெல்லிய படலம் போதும், செல்ஃபுக்குப் போக வேண்டிய நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தடுக்க. சுடுதண்ணீரும் சமையல் சோடாவும் போட்டுக் கழுவி, உப்புத்தாளால் ஈயம் பளிச்சிடும்வரை தேய்த்து, இறுக்கிய பின் வாசலின் தடவுங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ்.

அடுத்தது எர்த் ஒயர். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறு முனையை இன்ஜினின் வெறும் இரும்பிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் அடைப்பு. கடற்கரை ஊர்களில் பாடியோடு இணையும் அந்த போல்ட்டின் அடியில் துரு ஏறியிருக்கும். செல்ஃப் மோட்டாரையே மாற்றச் சொன்ன வண்டிகளில் இந்த ஒரு போல்ட்டைக் கழற்றித் தேய்த்து மாட்டியதோடு முடிந்தவை உண்டு.

இரண்டும் சரியென்றால் ராத்திரியில் ஏதோ ஒன்று கரண்ட் தின்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து பேட்டரியிலிருந்து போகும் கரண்ட் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சாதாரணம். அதற்கு மேல் போனால் வண்டி வாங்கிய பிறகு மாட்டிய டேஷ்கேம், ஜிபிஎஸ், ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். ஆம்பியர் அளக்க மீட்டரை இணைத்திருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்க நேரமாகிறது. பகலில் ஒரே அடி.

பெட்ரோல் வண்டியென்றால் காசில்லாத ஒரு சோதனை உண்டு. காலையில் சாவியை ஆன் செய்து பம்ப் சத்தம் நிற்கும்வரை விடுங்கள். செல்ஃப் அடிக்காமல் ஆஃப் செய்து பத்து நொடி காத்திருங்கள். இப்படி மூன்று முறை. அதன் பிறகு செல்ஃப் அடித்ததும் சட்டென்று பிடித்தால், ராத்திரியில் லைன் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பிரேக்கையும் கிளட்சையும் மிதிக்காமல் பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் ஆன் நிலை வரும்.

அழுத்தம் இறங்க இரண்டு வழிகள். டேங்குக்குள் பம்போடு இருக்கும் ஒருவழி வால்வு தேய்ந்து பெட்ரோல் டேங்குக்கே திரும்பியிருக்கலாம். அல்லது ஒரு இன்ஜெக்டர் சரியாக மூடாமல் சிலிண்டர் பக்கம் சொட்டியிருக்கலாம். இரண்டையும் பிரித்தறிவது சுலபம்: இன்ஜெக்டர் சொட்டினால் முதல் ஸ்டார்ட்டில் பெட்ரோல் நாற்றமும் கறுப்புப் புகையும் வரும், காலையில் பிளக்குகளைக் கழற்றினால் ஒன்று மட்டும் ஈரமாக இருக்கும். வால்வு என்றால் நாற்றம் இருக்காது, புகை இருக்காது, தாமதம் மட்டும்தான்.

சாதாரண இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களில் லைன் அழுத்தம் 3 முதல் 4 பார் இருக்கும். கேஜ் மாட்டிப் பார்த்தால் யூகத்துக்கு வேலையில்லை. கேஜ் மாட்டாமல் பம்பை மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பெட்ரோல் அதிகமாகச் சேர்ந்து பிளக் நனைந்து இன்ஜின் நின்றுவிட்டது. அப்போது?

ஆக்ஸிலேட்டரைத் தரைவரை மிதித்தபடியே செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் அந்த நிலையில் இசியூ பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விடும். ஈரம் வெளியேறிப் பிடிக்கும். பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் மிஸ்ஸிங் அடித்து உதறுகிறது. பிளக் மாற்றினால் போதுமா?

பிளக் என்னுடைய முதல் சந்தேகமும்தான், மாற்றும் முன் கழற்றிப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர. சாதாரண நிக்கல் பிளக்குக்கு 30, 40 ஆயிரம் கிலோமீட்டர் ஆயுள். இரிடியம் ஒரு லட்சம் வரை போகும். கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படி ஒரு துணியில் அடுக்குங்கள். நான்கும் வெளிர் பழுப்பாக இருந்து முனை மட்டும் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் வயதுதான், மாற்றுங்கள். ஒன்று மட்டும் கறுத்து ஈரமாக இருந்தால் அந்தச் சிலிண்டரின் காயிலோ இன்ஜெக்டரோ. ஆயில் பிசுக்காக இருந்து காலையில் நீலப்புகையும் வந்தால் வால்வு சீல். ஒன்று மட்டும் கழுவிவிட்ட மாதிரி வெள்ளையாக இருந்தால், கூலண்ட் பற்றிய கேள்விக்கு நேராகப் போங்கள்.

பிளக்குக்கு மேலேயே காயில் உட்காரும் கார்களில் இடம் மாற்றிப் பார்ப்பது நல்ல வழி. இசியூவில் பதிவாகும் கோளாறு எண்ணை ஸ்கேனரில் படிக்கும்போது பி0302 வந்தால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். அந்தக் காயிலை மூன்றாவதில் மாட்டுங்கள். மறுநாள் காலை பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. இரண்டிலேயே நின்றால் காயிலுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். இந்தச் சோதனைக்கு ஒரு இரவு காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாததால்தான் நான்கு காயிலும் சேர்த்து மாற்றப்படுகின்றன.

எலியையும் மறக்காதீர்கள். இன்ஜின் மூடிக்கு அடியிலும் ஏர்ஃபில்டர் பெட்டிக்குள்ளும் கூடு கட்டும். இன்ஜெக்டர் ஒயரைப் பாதி கடித்து வைத்திருக்கும்; ஓரிரு இழையில் தொங்கும் ஒயர் சில நாள் காலையில் வேலை செய்யும், சில நாள் செய்யாது. ஒயர் கட்டுகளை டார்ச் அடித்து, கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

மழை பெய்த மறுநாள் மட்டும் இப்படி ஆகிறது.

ஈரம் ஹைடென்ஷன் கரண்டுக்கு வழி கொடுக்கிறது. காயிலின் ரப்பர் உறையிலோ பிளக் ஒயரிலோ மயிரிழை வெடிப்பு இருக்கும். இருட்டில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால் நீலநிறத்தில் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். கையை உள்ளே விடாதீர்கள். பிளக் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிரஷர் வாட்டரில் இன்ஜின் கழுவிய பிறகு இது அடிக்கடி நடக்கும்.

ஸ்கேனர் வாங்கினால் உபயோகமா?

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் உள்ள எந்தக் காருக்கும் இசியூவைப் படிக்கும் ஒரு சின்னப் புளூடூத் ஓபிடி கருவியும் போன் செயலியும் நல்ல முதலீடு. கோளாறு எண் படிப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. காலையில் செல்ஃப் அடிக்கும் முன்பே சாவி ஆன் நிலையில் இரண்டு எண்களைப் பாருங்கள்: கூலண்ட் வெப்பநிலை, உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக, வெளி வெப்பநிலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு ஹேட்ச்பேக்கில் பிளக், காயில், பெட்ரோல் பம்ப் மூன்றும் புதிதாகப் போட்ட பிறகும் காலையில் இழுவை. இந்த இரண்டு எண்களைப் பார்த்தபோது காற்று 27 டிகிரி, கூலண்ட் 58 டிகிரி. பனி படிந்திருந்த வண்டிக்குள் 58 டிகிரி கூலண்ட் இருக்க வழியே இல்லை. சென்சார் பொய் சொல்கிறது. இன்ஜின் சூடாக இருப்பதாக நம்பி இசியூ பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. எந்தக் கோளாறு எண்ணும் வரவில்லை, ஏனென்றால் 58 என்பது நடக்கக்கூடிய ஒரு எண். சென்சார் மாற்றியதோடு முடிந்தது.

மீட்டரிலும் சோதிக்கலாம். வழக்கமான கூலண்ட் சென்சார் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் காட்டும். ஒயர் அறுந்திருந்தால் ஸ்கேனரில் மைனஸ் 40 என்று வரும். பல கார்களில் சாவி போட்டதுமே ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கிவிடும்.

பிடிக்கிறது, உடனே அணைகிறது. ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்துப் பிடித்தால் அணையாமல் ஓடுகிறது.

உங்கள் கால் கொடுக்கும் காற்று இன்ஜினுக்குத் தேவைப்படுகிறது என்று அர்த்தம். இன்ஜினுக்குள் காற்றை அளந்து விடும் திராட்டில் பாடியைத் திறந்தால் தட்டின் ஓரத்தில் கறுப்பு வளையமாகக் கரி படிந்திருக்கும். சற்றுப் பழைய கார்களில் ஐட்லிங் காற்றை விடும் சின்ன வால்வு தனியாக உண்டு, அதுவும் அடைத்திருக்கும். கிளீனர் ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் துடையுங்கள். எலெக்ட்ரானிக் திராட்டிலின் தட்டை விரலால் தள்ளித் திறக்க வேண்டாம், உள்ளே இருக்கும் பற்சக்கரம் கெட்டுவிடும். சுத்தம் செய்த பிறகு ஐட்லிங் கொஞ்சம் ஏறி இறங்கினால் பயப்படாதீர்கள். புதிய நிலையை இசியூ கற்றுக்கொள்ள வேண்டும், சில கார்களில் அதை ஸ்கேனர் வழியாகச் செய்ய வேண்டும்.

மாறாக, ஐட்லிங் உயர்ந்து தள்ளாடினால் கணக்கில் வராத காற்று எங்கோ நுழைகிறது. இறுகிப்போன வேக்கம் ஹோஸும் இன்டேக் கேஸ்கெட்டும் குளிரில் சுருங்கி இடைவெளி விடும், சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும். காலையில் காதை வைத்தால் “உஸ்” என்ற சத்தம் கேட்கும்.

கூலண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. வெளியே சொட்டுவதில்லை. சம்பந்தம் உண்டா?

உண்டு. இந்தப் பக்கத்தில் நான் மிகவும் அக்கறையோடு எழுதும் பதில் இது. ஹெட் கேஸ்கெட்டில் சிறு பிளவு விழுந்தால், வண்டியை நிறுத்திய பிறகு ஆறும் இன்ஜினுக்குள் இருக்கும் அழுத்தமே கூலண்டை ஒரு சிலிண்டருக்குள் மெல்லத் தள்ளும். காலையில் அந்தச் சிலிண்டர் பத்து முப்பது நொடி மிஸ்ஸிங் அடிக்கும், இனிப்பு வாடையோடு வெள்ளைப்புகை வரும், பிறகு ஈரம் எரிந்து வண்டி நன்றாகிவிடும். ஹீட்டாவதில்லை, ஆயில் பால் நிறமாவதில்லை. அதனால் யாரும் சந்தேகிப்பதில்லை. காலையில் ஹோஸை அழுத்தச் சொன்னேனே, இதற்காகத்தான்: எரிந்த வாயு கூலண்ட் பாதைக்குள் புகுந்திருந்தால் ஆறிய இன்ஜினிலும் ஹோஸ் இறுகி நிற்கும்.

உறுதிசெய்ய, மாலையில் ரேடியேட்டரில் பிரஷர் டெஸ்டர் மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு, அதாவது 1 பார் அளவில், அழுத்தம் ஏற்றி இரவு அப்படியே விட வேண்டும். காலையில் பிளக்குகளைக் கழற்றி, குழிக்குள் சின்ன கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். மூன்று பிஸ்டனின் தலை கரியாக இருக்கும். நான்காவது, நீராவி கழுவியதால் அலுமினியம் பளபளக்கக் கிடக்கும். அதைப் பார்த்த பிறகு விவாதம் கிடையாது.

இதைத் தள்ளிப்போட வேண்டாம். கசிவு அதிகமாகி ஒரு நாள் சிலிண்டர் நிறையக் கூலண்ட் நின்றால், செல்ஃப் “டக்” என்று முட்டி நிற்கும். விடாமல் அடித்தால் கனெக்டிங் ராட் வளையும். ஹெட் வேலையோடு முடிய வேண்டியது முழு இன்ஜின் வேலையாகிவிடும்.

குளிர்காலையில் சைலன்சரிலிருந்து சில நிமிடம் வரும் வாசனையில்லாத வெண்ணிற ஆவி வேறு விஷயம். அது குழாயில் தேங்கிய ஈரம், கூலண்ட் குறையாதவரை பொருட்படுத்த வேண்டாம்.

இ20 பெட்ரோல் வந்த பிறகுதான் இந்தத் தொல்லை என்கிறார்களே?

2023இல் விற்பனைக்கு வந்து, இரண்டே ஆண்டுகளில் நாடு முழுக்கப் பரவிய 20 சதவீத எத்தனால் கலவையைத்தான் சொல்கிறார்கள். எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பம் வேண்டும், அதனால் கடுங்குளிரில் ஸ்டார்ட் ஆவது சற்றுக் கடினம். ஆனால் மீதி 80 சதவீதத்தில் இருக்கும் எளிதில் ஆவியாகும் பகுதியே நம் சமவெளி வெப்பநிலையில் இன்ஜினைப் பிடிக்க வைக்கப் போதும். ஆரோக்கியமான வண்டி இதனால் மட்டும் திணறாது. ஏற்கெனவே தளர்ந்த பிளக்கையும் பம்பையும் அது சீக்கிரம் காட்டிக்கொடுக்கும் என்பதே என் கருத்து.

வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்கும், பழைய ரப்பர் ஹோஸ் உள்ள வண்டிக்கும் கவலை நியாயமானது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். டேங்கில் தண்ணீர் புகுந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான்.

சிஎன்ஜி, எல்பிஜி வண்டிகளில்?

பெரும்பாலானவை காலையில் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடு ஏறியதும் கேஸுக்கு மாறும். செலவு மிச்சம் என்று டேங்கில் இரண்டு லிட்டரை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் அதிகம். அந்தப் பெட்ரோல் பழசாகி, இன்ஜெக்டரில் பிசின் பிடிக்கிறது. பெட்ரோலில் மூழ்கிக் குளிர வேண்டிய பம்பும் காய்கிறது. கால் டேங்காவது வையுங்கள், வாரத்தில் ஒரு நாள் கொஞ்ச தூரம் பெட்ரோலிலேயே ஓட்டுங்கள்.

டீசல் வண்டி காலையில் அடம்பிடிக்கிறது. ஹீட்டர் பிளக் மாற்றச் சொல்கிறார்கள்.

எந்த டீசல் என்று முதலில் பாருங்கள். பழைய வகை, முன்அறை கொண்ட இன்ஜின்களுக்குச் சமவெளியிலும் ஏறக்குறைய தினமும், சிலிண்டரைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக் வேண்டும். எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து (ரெயில்) டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜின் அப்படியல்ல. 25 டிகிரியில் ஹீட்டர் பிளக் உதவி இல்லாமலேயே பிடித்துவிடும். ஆகவே மதுரையில் ஒரு காமன் ரெயில் வண்டி காலையில் பத்து நொடி இழுத்தால், என் சந்தேகப் பட்டியலில் ஹீட்டர் பிளக் கடைசிப் பக்கம்.

அங்கே முதல் ஆள் காற்று. டீசல் ஃபில்டரின் மேல் இருக்கும் கை பம்பைக் காலையில் அழுத்துங்கள். தொளதொளவென்று உள்ளே போய், ஏழெட்டு அழுத்தலில் இறுகி, பிறகு செல்ஃப் அடித்ததும் சட்டென்று பிடித்தால், ராத்திரியில் எங்கோ காற்று புகுந்து டீசல் டேங்குக்கு இறங்கியிருக்கிறது. ஃபில்டர் மூடி, ஹோஸ் கிளிப், ரிட்டர்ன் குழாய்களைப் பாருங்கள். கொஞ்ச தூரத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் மாட்டினால் குமிழி போவது தெரியும். ஃபில்டர் அடியில் தேங்கும் தண்ணீரையும் திறந்துவிடுங்கள்.

காற்று இல்லையென்றால் ரெயில் அழுத்தம். செல்ஃப் அடிக்கும்போது அது சுமார் 200 பாரைத் தொட்டால்தான் பெரும்பாலான இசியூக்கள் இன்ஜெக்டரைத் திறக்கும். தேய்ந்த இன்ஜெக்டர் ரிட்டர்ன் வழியாக டீசலை ஒழுகவிட்டால் அந்த அழுத்தம் வர நேரமாகும். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்னிலும் நான்கு சின்னக் குப்பிகளை மாட்டி ஓடவிட்டால், மற்றவை கால் பங்கு நிறையும்போது ஒன்று மட்டும் நிரம்பி வழியும். எது குற்றவாளி என்று உங்கள் கண்ணே சொல்லும்.

ஸ்டார்ட் ஆன பிறகு கடகடவென்ற இடியும், கண்ணைக் கரிக்கும் வெள்ளைப்புகையும் இருந்தால்தான் ஹீட்டர் பிளக், அதற்கடுத்துக் கம்ப்ரஷன். கனெக்‌ஷனைக் கழற்றி, பிளக் முனைக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் நல்ல பிளக் 2 ஓமுக்குள் காட்டும், எரிந்தது எதுவுமே காட்டாது. மீட்டர் போர்டில் ஹீட்டர் பிளக்கைக் குறிக்கும் சுருள் விளக்கு எரிவதை நம்ப வேண்டாம். பல பழைய வண்டிகளில் நான்கு பிளக் செத்தாலும் அது எரியும். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஈதர் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பது ஆபத்து, இன்டேக்கிலேயே வெடிக்கும்.

ஊட்டிக்குப் போனபோது மட்டும் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை.

2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் உறைபனி விழும். சமவெளியில் தட்டுத்தடுமாறிச் சமாளித்த பேட்டரி அங்கே கைவிடும். 20டபிள்யூ-50 போன்ற தடித்த ஆயில் ஊற்றிய இன்ஜினைச் சுற்றவும் செல்ஃப் திணறும். கையேட்டில் 5டபிள்யூ-30 என்றிருந்தால் அதையே ஊற்றுங்கள். டீசலில் சுருள் விளக்கு அணைந்ததும் சாவியை ஆஃப் செய்து மறுபடி ஒருமுறை சூடேற்றிவிட்டு அடியுங்கள்.

முக்கியமான இன்னொன்று: ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் வழக்கம் கீழே பலருக்கு உண்டு. அந்த வண்டியை உறைபனியில் ராத்திரி நிறுத்துவது கூடாது. உறையும் தண்ணீர் விரிந்து ரேடியேட்டரையும் பிளாக்கையும் பிளக்கும்.

கார்புரேட்டர் வண்டிக்கு?

சோக் கேபிள் இழுத்தால் தட்டு முழுதாக மூடுகிறதா என்று ஏர்ஃபில்டரைத் திறந்து பாருங்கள். மூடினால், ஐட்லிங் ஜெட்டையும் பிளக் இடைவெளியையும் பாருங்கள். அங்கே சென்சார் குழப்பம் எதுவும் இல்லை.

ஸ்டார்ட் ஆன பிறகு எவ்வளவு நேரம் சூடாக்க வேண்டும்?

அரை நிமிடம். பிறகு மெதுவாக ஓட்டியே சூடாக்குங்கள். நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டால் கூடுதல் பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில்தான் கலக்கும்.

மிஸ்ஸிங்கோடு ஓட்டலாமா?

செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் ஒர்க்‌ஷாப் வரை மெதுவாகப் போகலாம். விட்டு விட்டு மின்னினால் நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்குகிறது. அதன் விலை, நீங்கள் மிச்சம் பிடிக்க நினைத்த காயிலின் விலையைப் போலப் பல மடங்கு.

ஒர்க்‌ஷாப்பில் என்ன சொல்லி வண்டியை விடுவது?

முந்தைய நாள் மாலையே விடுங்கள், “நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணே, காலையில முதல் ஸ்டார்ட் என் முன்னாடி போடுங்க” என்று சொல்லி, முடிந்தால் சாவியைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை நகர்த்த ஒரு தடவை ஸ்டார்ட் செய்துவிட்டால் அன்றைய தடயம் போய்விடும், இன்னொரு இரவு காத்திருக்க வேண்டும். வீட்டில் எடுத்த வீடியோ, மீட்டர் அளவுகள், கூலண்ட் எவ்வளவு நாளில் எவ்வளவு குறைகிறது என்ற குறிப்பு ஆகியவற்றைக் கொடுங்கள். கழற்றும் பழைய பார்ட்ஸைத் திரும்பக் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லி, அடுத்த நாள் காலை பார்த்த பிறகு அடுத்ததற்குப் போங்கள்.